எச்-1பி விசாவில் இருந்துகொண்டு எஸ்பிஐஆர் ஃபேஸ் 1 போடலாமா? நோக்கங்களை எவ்வளவு பெரிதாக எழுதுவது?

நுண்குழாய்:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளர்) இருக்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சில மணி நேரத்தில் சொல்லும் சிப் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். இப்போதைய முறையில் கல்ச்சர் (மாதிரியிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் கிருமி) வளர்ந்து, அப்புறம் மருந்துகளோடு சோதித்து முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதுவரை டாக்டர் ஒரு ஊகத்தில்தான் மருந்து எழுதுகிறார். எங்கள் சிப்பின் நுண்குழாய்களில் பாக்டீரியா வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்த்துவிடலாம். ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியா வகைகளில் நன்றாக வருகிறது. நோயாளிகளின் மாதிரியில் இன்னும் செய்யவில்லை.

நண்பர் ஒருவரோடு கம்பெனி பதிவு செய்திருக்கிறோம். அவரிடம் கிரீன் கார்டு உண்டு, என்னுடையது எச்-1பி. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சில், சிறு கம்பெனிகளின் ஆய்வுக்குப் பணம் தரும் எஸ்பிஐஆர் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு (ஃபேஸ் 1) விண்ணப்பம் போட நினைக்கிறோம். என் விசா தடையாகுமா? பணம் கொடுத்தால் அரசு பங்கு கேட்குமா? வரைவில் ஐந்து நோக்கங்கள் எழுதியிருக்கிறோம்: சிப்பைத் தயாரிப்புக்கு மாற்றுவது, மென்பொருள், நோயாளி மாதிரிகளில் சோதனை, எஃப்டிஏ (மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பு) ஆலோசனை, சந்தை ஆய்வு. பெரிதாகக் காட்டினால்தான் கிடைக்கும் என்கிறார் நண்பர். அது சரிதானா?

கோப்புக்காரன்:

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். கம்பெனியின் 50 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு உள்ளவர்களிடமோ இருக்க வேண்டும். உங்கள் நண்பரிடம் பாதிக்கு மேல் இருந்தால் சரி, ஆளுக்குப் பாதி என்று பிரித்திருந்தால் ஆகாது. இன்னும் பலர் முதலீட்டாளர்களாக இருந்தால் கணக்கு மாறும்.

ஆய்வுத் தலைவர் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எஸ்பிஐஆரில் அவருடைய முதன்மை வேலை அந்தக் கம்பெனியில்தான் இருக்க வேண்டும். உங்கள் எச்-1பி பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது. கம்பெனி தனியாக மனு போடாமல் நீங்கள் அங்கே வேலை செய்ய முடியாது. கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் எஸ்டிடிஆர் என்ற திட்டத்தையும் பாருங்கள். அதில் ஆய்வுத் தலைவர் பல்கலைக்கழகத்திலேயே இருக்கலாம். வேலையில் குறைந்தது 40 சதவீதம் கம்பெனியும், 30 சதவீதம் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டும். அதிலும் உங்களுக்கும் கம்பெனிக்கும் முறையான தொடர்பு எழுத்தில் இருக்க வேண்டும், எனவே கையெழுத்துப் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

விண்ணப்பம் போட சாம், எஸ்பிஏ, கிராண்ட்ஸ், இரா காமன்ஸ் என்ற அரசுத் தளங்கள் எல்லாவற்றிலும் பதிவு வேண்டும். இன்றே தொடங்குங்கள். வருமான வரித் துறையில் இருக்கும் பெயரும் முகவரியும் ஓர் எழுத்து மாறினாலும் சாம் பதிவு வாரக்கணக்கில் நின்றுவிடும்.

வெண்மதி:

தம்பி, நான் ஒரு சிறிய நோயறிதல் கம்பெனியில் ஆய்வுப் பொறுப்பில் இருக்கிறேன். என்ஐஎச்சின் ஸ்டடி செக்‌ஷன்களில் விண்ணப்பங்களை மதிப்பிடும் ரிவ்யூவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் ஐந்து நோக்கங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பங்கு கேள்விக்கு மட்டும் முதலில் பதில்: அரசு பங்கு கேட்காது, பணத்தைத் திருப்பியும் கேட்காது. கண்டுபிடிப்பின் உரிமை கம்பெனிக்கே. அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு ராயல்டி இல்லாத உரிமத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்.

நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஃபேஸ் 1 என்பது 'இது நடக்குமா' என்ற ஒரே கேள்விக்கான பணம். தயாரிப்பும் பெரிய சோதனையும் ஃபேஸ் 2 வேலை. ஃபேஸ் 1க்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சுமார் மூன்று லட்சம் டாலர். எஸ்பிஐஆரில் அந்த வேலையின் மூன்றில் இரண்டு பங்கைக் கம்பெனியே செய்ய வேண்டும். இந்த அளவுக்குள் ஐந்து நோக்கங்களைப் பார்த்ததும் ரிவ்யூவர் மனதில் எழுவது 'இவர்களுக்கு எது கடினம் என்றே தெரியவில்லை' என்ற எண்ணம்தான்.

உங்கள் விஷயத்தில் எது கடினம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆய்வக ஈ.கோலை சுத்தமான ஊடகத்தில் வளர்கிறது. நோயாளியின் சிறுநீரில் உப்பு ஆளுக்கு ஆள் மாறும், வெள்ளை அணுக்கள் மிதக்கும், சில நேரம் இரண்டு மூன்று வகை பாக்டீரியா கலந்திருக்கும். நுண்குழாய் அடைத்துக்கொள்ளலாம். மெதுவாக வளரும் பாக்டீரியாவை மருந்துக்கு அடங்கியதாக மென்பொருள் தவறாக எடுத்துக்கொள்ளலாம். அதுதான் ஆபத்து. எதிர்ப்புத் திறன் உள்ள கிருமிக்கு 'இந்த மருந்து போதும்' என்று உங்கள் சிப் சொன்னால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்துக்கும் போகலாம். மறுபக்கம் தவறினால் தேவையில்லாமல் கடுமையான மருந்து கொடுப்பார்கள், அது இதைவிடச் சின்னக் கேடு. இரண்டு தவறையும் ஒரே எண்ணாகக் கூட்டி 'துல்லியம்' என்று எழுதும் விண்ணப்பங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் படுக்கையில் இருப்பவருக்கு அவை ஒன்றல்ல.

எனவே இரண்டு நோக்கங்கள் போதும். ஒன்று, மருத்துவமனை ஆய்வகத்தில் மிஞ்சிய, அடையாளம் நீக்கிய சிறுநீர் மாதிரிகளில் சிப் அடைபடாமல் ஓடுகிறதா என்பது. இரண்டு, அதே மாதிரிகளிலிருந்து பிரித்த பாக்டீரியாவை வழக்கமான ப்ராத் மைக்ரோடைலூஷன் முறையிலும் (மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்த திரவ ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது) சோதித்து, இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்பது. அளவுகோலை நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டாம். எம்ஐசி மதிப்பு (பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு) ஒரு இரட்டிப்பு அளவுக்குள் வந்தால் ஒத்துப்போவதாகக் கொள்வார்கள், சோதனைகளில் 90 சதவீதமாவது அப்படி ஒத்துப்போக வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த வரம்பு. அதை எழுதிவிட்டு, எட்டாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் எழுதுங்கள். முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவதும் முழுதாகப் படுத்துவிடும்படி மட்டும் அமைக்காதீர்கள். சிறுநீரை வடிகட்டியோ நீர்க்கச் செய்தோ அனுப்பும் மாற்று வழி கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. சிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் காப்புரிமை பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். பல்கலைக்கழக உரிம அலுவலகத்திடம் ஆப்ஷன் ஒப்பந்தமாவது (பின்னால் உரிமம் பெறும் வாய்ப்பை உங்களுக்காக ஒதுக்கி வைப்பது) வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வணிகத் திட்டம் எவ்வளவு எழுதினாலும் ரிவ்யூவர் அந்த ஓட்டையைத்தான் பார்ப்பார்.

அறிவிப்புப்பலகை:

வெண்மதி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்பிஐஆர் திட்டம் 1982இல் சட்டமானது, ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது புதுப்பித்தால்தான் ஓடும். 2008 முதல் 2011 வரை குறுகிய நீட்டிப்புகளிலேயே தள்ளினார்கள். 2022இல் காலக்கெடு முடியும் நாளில் கையெழுத்தானது. 2025 செப்டம்பர் 30 அன்று அனுமதி காலாவதியானபோது புதிய விண்ணப்பங்கள் நின்றுபோயின. வழக்கமான தேதிகள் ஜனவரி 5, ஏப்ரல் 5, செப்டம்பர் 5. ஆனால் நடப்பு அறிவிப்பு திறந்திருக்கிறதா என்று என்ஐஎச் தளத்தில் பார்த்துவிட்டே திட்டமிடுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் வர ஏழெட்டு மாதம் ஆகும், கூடவும் ஆகலாம். அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

நுண்குழாய்:

எல்லாருக்கும் நன்றி. பங்கு இப்போது ஆளுக்குப் பாதிதான், அதை மாற்ற நண்பர் ஒத்துக்கொண்டார். எஸ்டிடிஆர் பக்கம் போகிறோம். அக்கா, ஒரு சந்தேகம்: மாதிரிகள் தர மருத்துவமனை ஆய்வக இயக்குநர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். அது போதுமா? முதல் முறை கிடைக்காவிட்டால் அவ்வளவுதானா?

வெண்மதி:

வாய்மொழி போதாது. மாதத்துக்கு ஏறத்தாழ எத்தனை மாதிரி, எந்த நிலையில், அடையாளத்தை யார் நீக்குவார் என்று அவர் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். பொதுவாகப் பாராட்டி எழுதிய கடிதம் எனக்கு எதையும் சொல்லாது, மாதிரி எண்ணிக்கை இருக்கும் கடிதம் சொல்லும்.

கிடைக்காவிட்டால் ஒரு முறை திருத்தி அனுப்பலாம், 37 மாதம் வரை அவகாசம் உண்டு. மதிப்பெண் 10 முதல் 90 வரை, குறைவாக இருந்தால் நல்லது. கலந்து பேசாமலே ஒதுக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் எழுத்துக் கருத்துகள் வரும். அவற்றில் மூன்று ரிவ்யூவர்களும் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன்னால் நோக்கங்களை ஒரே பக்கத்தில் எழுதி, என்ஐஎச்சில் தொற்றுநோய் ஆய்வைக் கவனிக்கும் என்ஐஏஐடி பிரிவின் ப்ரோக்ராம் ஆஃபிசருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பேச நேரம் கேளுங்கள். அனுப்புமுன் அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், காப்புரிமைக்குரிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டு. வார இறுதியில் படித்துக் குறிப்பு எழுதுகிறேன்.