காகித மடிப்பைக் கற்பிக்கும் கலப்பு மெய்ம்மைச் செயலி: தாளின் நிலையை எவ்வாறு கண்டறிவது?

கேள்வி

வணக்கம். நிஜக் காட்சியோடு கணினிப் படங்களையும் சேர்த்துக் கண்முன் காட்டும் மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டை அணிந்தபடியே, மேசையிலுள்ள உண்மையான தாளை மடித்து ஒரிகாமி கொக்கு செய்யக் கற்றுத்தரும் செயலி ஒன்றை யூனிட்டி என்னும் மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கானது. அடுத்து மடிக்க வேண்டிய கோட்டைத் தாளின் மீதே ஒளிக்கோடாகக் காட்டி, மடித்து முடித்ததும் அடுத்த படிக்குத் தானாகச் செல்ல வேண்டும் என்பது திட்டம். ஆனால் தாளைக் கையில் எடுத்ததுமே விரல்கள் அதை மறைத்துவிடுவதால், மூலைகளைக் கண்டறியும் நிரல் தடுமாறுகிறது. ஒளிக்கோடும் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியே தெரிகிறது. அடுத்த படிக்குச் செல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கும் சைகையை வைத்திருந்தேன். மடிப்பை அழுத்துவதும் அதே அசைவு என்பதால் படிகள் தாமாகவே ஓடிவிடுகின்றன. இவற்றுக்கு என்ன வழி?

மறுமொழி 1

தாளை இடைவிடாமல் பின்தொடரும் எண்ணத்தைக் கைவிட்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். மடிக்கும்போது என்ன நடக்கிறது என்பது செயலிக்குத் தெரிய வேண்டியதில்லை. மடித்த தாள் மேசையில் அசையாமல் கிடக்கும்போது அது எந்த நிலையில் உள்ளது என்பது தெரிந்தால் போதும். இரு கைகளும் தாளைவிட்டு விலகியதையே "பார்த்துச் சொல்" என்னும் சைகையாகக் கொள்ளுங்கள். குவெஸ்ட் 3 கேமராவின் படங்களைச் செயலிகள் பயன்படுத்த 2025 முதல் வழி இருப்பதால், அந்த நொடியில் ஒரு படம் எடுத்து, அந்தப் படியில் வரக்கூடிய நான்கைந்து வடிவங்களோடு மட்டும் ஒப்பிடலாம். ஒருபுறம் வண்ணமும் மறுபுறம் வெள்ளையுமான பளபளப்பில்லாத தாளும், அதனடியில் அடர்நிற விரிப்பும் இருந்தால் வெளிக்கோட்டைப் பிரித்தெடுப்பது எளிது.

ஆனால் வெளிக்கோட்டை மட்டும் நம்பாதீர்கள். 15 செ.மீ. தாளில் கொக்கின் முதல் நிலையான சதுர அடிப்படை 7.5 செ.மீ. சதுரமாக வரும்; தாளை வெறுமனே நான்காக மடித்தாலும் அதே சதுரந்தான் வரும். மேலடுக்கின் திறந்த மூலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருபுறமும் முக்கோண மடல்கள் தெரிந்தால் அது சரியான அடிப்படை.

ஒளிக்கோட்டின் விலகலைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். கோட்டின் மீது மடிப்பதல்ல ஒரிகாமி. மூலையை மூலையோடும் விளிம்பை விளிம்போடும் பொருத்திய பிறகு, கோடு தானாகவே பிறக்கிறது. எந்த மூலை எங்கே சேர வேண்டும் என்பதை இரு புள்ளிகளாலும் ஓர் அம்புக்குறியாலும் காட்டினால், சில மில்லிமீட்டர் விலகல் கற்பவரைப் பாதிக்காது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மடிப்புத் தரவை நீங்களே புதிய வடிவில் எழுத வேண்டாம். எரிக் டெமெய்ன், ஜேசன் கூ, ராபர்ட் லாங் ஆகியோர் 2016-இல் முன்வைத்த ஃபோல்டு என்னும் கோப்பு வடிவம் இதற்கென்றே உள்ளது. தரவைச் சோதிக்க மேகாவா தேற்றம் உதவும்: தட்டையாக மடியும் தாளில், மடிப்புகள் சந்திக்கும் உட்புள்ளி ஒவ்வொன்றிலும் முகட்டு மடிப்புகளின் (மேல்நோக்கி எழுபவை) எண்ணிக்கைக்கும் பள்ள மடிப்புகளின் (கீழ்நோக்கி இறங்குபவை) எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு 2 ஆகவே இருக்கும். சதுர அடிப்படையின் நடுப்புள்ளியில் 4 மடிப்புகள் ஒருவகை, 2 மறுவகை. இந்தக் கணக்குப் பிசகினால் உங்கள் அசைவூட்டத்தில் தாள் தன்னையே ஊடுருவிச் செல்லும்.

மறுமொழி 3

பள்ளியில் பல ஆண்டுகளாகக் காகித மடிப்புச் சொல்லித்தரும் ஆசிரியை நான். எதிரே நின்று மடித்துக் காட்டும்போது என் வலம் பிள்ளைகளுக்கு இடமாகிவிடுவதால், அவர்கள் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் செயலியால் மடிக்கும் கைகளைப் பிள்ளையின் பக்கத்திலிருந்தே காட்ட முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. கொக்கில் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுபோவது இதழ் மடிப்பில். மேல் மடலைத் தூக்கும்போது இரு ஓரங்களும் உள்நோக்கிச் சரிவதை அச்சிட்ட படத்தால் காட்டவே முடிவதில்லை. ஆகவே எளிய மடிப்புகளுக்கு அம்புக்குறியே போதும். உழைப்பையெல்லாம் இந்த ஓர் அசைவுக்குக் கொடுங்கள், பிள்ளை அதை நிறுத்தியும் பின்னோக்கி ஓட்டியும் பார்க்கட்டும். தொடக்கத்தில் 15 செ.மீ. தாளுக்குப் பதிலாக 25 செ.மீ. தாளைக் கொடுங்கள், சிறு கைகளுக்கும் கேமராவுக்கும் அது நல்லது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. விரல் சைகையை இன்றே நீக்கிவிட்டேன். கைகள் விலகுவதைக் கொண்டு படியை நகர்த்தும் முறையை முதலில் சதுர அடிப்படைவரை மட்டும் அமைத்து, இதழ் மடிப்பின் அசைவூட்டத்தைத் தனியாக உருவாக்கப் போகிறேன்.