பரணில் கூகை

நான்: வெள்ளையடிக்க வந்தவர் பாதியில் ஏணியை விட்டு இறங்கிவிட்டார். பரணில் புஸ்ஸென்று சத்தம், பாம்பு என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் கூகைக் குஞ்சுகள். படம் போட்டிருக்கிறேன்.

கும்பகோணம் அத்தை: ஐயையோ ஆந்தையா! பொங்கல் வரும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயா? உன் பாட்டிக்கு வேறு உடம்பு சரியில்லை. முதலில் விரட்டுடா அதை.

அகிலா அக்கா: முகத்தைப் பாருங்கள் அத்தை, ஆப்பிளைப் பாதியாக நறுக்கி வைத்த மாதிரி. இதையா விரட்டுவது?

சித்தப்பா: யாரும் கை வைக்க வேண்டாம். சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம், நடு வயலில் வட்டம் வட்டமாக எலி வெட்டிப் போட்டிருக்கிறது, எலி பிடிக்கக் கிட்டி வைக்கிறவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்கிறார், நான் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு ஆந்தை வந்து உட்காராதா என்று காத்துக் கிடக்கிறேன். நீ வீட்டில் குடித்தனம் நடத்துவதை விரட்டச் சொல்கிறாய் அக்கா.

கும்பகோணம் அத்தை: அப்பா போவதற்கு முந்தின ராத்திரி கத்தியதே, மறந்துவிட்டாயா?

சித்தப்பா: அதற்கு முந்தின மாசம் முழுக்கவும்தான் கத்தியது. அப்பாவுக்குத் தொண்ணூறு வயசு.

அகிலா அக்கா: ஒன்று பெரிசு, ஒன்று ரொம்பப் பொடிசாக இருக்கிறதே, ஒரே கூடுதானா?

சித்தப்பா: ஒரே கூடுதான். இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு முட்டையிடும், முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் மூத்ததுக்கு இறகு முளைக்கும்போது கடைசிக் குட்டி வெறும் பஞ்சாக இருக்கும். பொரித்து இரண்டு மாசம் ஆக வேண்டும் பறக்க.

நான்: கீழே கறுப்பாக உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. ஒன்றைக் குச்சியால் பிரித்தேன். முடிக்குள்ளே எலி மண்டையோடு முழுசாக, முன்பல் மஞ்சள்கூட மாறவில்லை. ஜீரணமாகாததைக் கக்கிவிடுமாம்.

கும்பகோணம் அத்தை: சாப்பிடும் நேரத்தில் இதையெல்லாம் போடாதே.

அம்மா: நாற்றம் தாங்கவில்லை, கூட்டுவது நான்தானே. எலிக்குத்தான் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், இது எதற்கு?

சித்தப்பா: அண்ணி, மருந்து மட்டும் வைக்காதீர்கள். தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும், கூகைக்கு அதுதான் சுலபமாகச் சிக்கும். அதைக் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டினால் மொத்தக் கூடும் போய்விடும்.

அம்மா: சரி, எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அகிலா அக்கா: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆந்தையும் உண்டு, கூட்டைக் கலைத்தால் கேஸ்தான். 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது என்று ஒரு மாசத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் ஊரே இருட்டில் இருந்தது. நமக்கு ஒரு பரண்தானே! அப்புறம், படத்தை வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள். மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிக்கிற கூட்டம் இருக்கிறது.

கும்பகோணம் அத்தை: என்னமோ செய்யுங்கள். நாங்கள் போகி அன்றே வருகிறோம். அந்த அறையில் நான் படுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

நான்: பூட்டியாச்சு அத்தை. மீதி வீட்டுக்கு நாளைக்கு வந்து வெள்ளையடிக்கிறாராம். கூலி மட்டும் முழுசாக வேண்டுமாம்.