35 வருடப் பழைய படகின் கம்பிகளை நாமே மாற்றலாமா?

கடற்பறவை:
பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்றின் கீழ்முனையில், ஸ்வேஜ் அடித்த (முனைக்குழலைக் கம்பிமேல் அழுத்திப் பொருத்திய) இடத்தில் மயிரிழை விரிசல். 1×19 (19 இழைகளை முறுக்கிய) ஸ்டெயின்லெஸ், 6 மி.மீ. எல்லாக் கம்பிகளையும் நானே மாற்றலாமென்று இருக்கிறேன். சரிவருமா?

கொண்டல்:
தாராளமாக. ஸ்வேஜ் அடிக்கத்தான் மெஷின் வேண்டும். கூம்பு வைத்து முறுக்கும் முனைக்கு இரண்டு ஸ்பேனர் போதும். வெளியே உள்ள 12 இழைகளைப் பிரித்து, உள்ளே உள்ள 7 இழைகள்மேல் கூம்பை ஏற்றி இறுக்குங்கள். பிறகு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கூம்பின் பிளவுக்குள் ஓர் இழைகூட விழுந்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்.

சுக்கான்:
இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள் கொண்டல். நானும் இப்படித்தான் எல்லாக் கம்பியையும் மாற்றினேன். இரண்டே மாதத்தில், கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கும் செயின் பிளேட் அறுந்தது, மேல்தளமான டெக்கைத் துளைத்து இறங்கும் இடத்தில். மேலே பளபளவென்று இருந்தது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருக்கக் காற்று படவேண்டும். காற்றில்லாமல் உப்புநீர் தேங்கும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். உங்கள் ஸ்வேஜ் கீழ்முனையில் வெடித்ததும் அதனால்தான், கம்பி வழியே இறங்கும் தண்ணீர் அங்கேதான் நிற்கிறது. எங்கே பார்க்கவேண்டுமென்று தெரிந்த தொழில்காரரைக் கூப்பிடுங்கள்.

கொண்டல்:
தொழில்காரர் கழற்றாமல் பார்த்தாலும் இதே கதிதானே? ஒவ்வொரு செயின் பிளேட்டையும் வெளியே எடுத்து, சுத்தம் செய்து, சாயம் தடவிச் சோதித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். பொறுமை உள்ள சொந்தக்காரர் இதைச் செய்யலாம். டெக்கின் உள்ளே பால்சா என்ற லேசான கட்டை இருந்தால் துளையைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். ஊறியிருந்தால் சுரண்டி எடுத்து, காயவைத்து, எபாக்ஸியால் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையுங்கள்.

சுக்கான்:
மேல்முனைக்கு என்ன வழி? விரிசல் விட்ட கம்பியை நம்பிப் பாய்மரத்தில் ஏறச் சொல்கிறீர்களா?

கொண்டல்:
இல்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மரத்தைக் கிரேன் வைத்து இறக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

கடற்பறவை:
மரத்தை இறக்கியாயிற்று. ஆறு செயின் பிளேட்டில் இரண்டில் சிவப்புக் கோடு. ஆறையுமே புதிதாகச் செய்யக் கொடுத்துவிட்டேன். கம்பிகளை நானே வெட்டப்போகிறேன்.

சுக்கான்:
வெட்டுமுன், கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிளைப் பாதி திறந்து வைத்து அளந்துகொள்ளுங்கள். முதல் முனையைப் போட்டதும் ஒரு படம் போடுங்கள், இழைகளைப் பார்க்கவேண்டும்.