மலைநாட்டு ஆற்றில் குளிக்கப் போனவர்கள் வாருங்கள்: நாவலப்பிட்டியில் எங்களுக்கு நடந்தது

நிலாவெளியான்:
நிலாவெளியிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை. வழி எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலுக்குத் தப்பி மச்சான் குடும்பத்தோடு வானில் போனோம். நாவலப்பிட்டிக்கு மேலே ஓரிடத்தில் மகாவலி ஆற்றுக்கு இறங்கினோம். முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கல் எல்லாம் தெரிகிறது. தலைக்கு மேல் நல்ல வெயில். பிள்ளைகள் நடுப் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா துணியைப் போட்டுவிட்டு எழுந்தார். "மல்லி, கொடட எண்ட!" என்று சிங்களத்தில் ஒரே சத்தம். தம்பி, கரைக்கு வா என்றுதான் அர்த்தம். "தங்கட இடமாம், எழும்பட்டாம்" என்று மச்சான் சிரித்தான். அவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சீத்தையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, என் சின்ன மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மற்றதுகள் பயந்து பின்னால் ஓடி வந்தன. மகள் அழுகிறாள், என் மனைவி சண்டைக்குப் போகிறாள். திரும்பிப் பார்த்தால் பாறையைக் காணவில்லை. தேத்தண்ணி நிறத்தில் வெள்ளம், மேலே சருகு, ஒரு வாழைக்குற்றி. அந்த அம்மாவின் சவர்க்காரப் பெட்டியும் போய்விட்டது. ஒரு சொல்லும் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

மழையே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?

கந்தளாய்க்காரன்:
ஹபரணையை ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்களே! ஹபரணை-கந்தளாய்ப் பாதையில் அலுத்ஓயாவுக்கு இந்தப் பக்கம், மம்மல் நேரம், எங்கள் வானின் கண்ணாடியில் தும்பிக்கையை வைத்து ஊதினான் ஒருவன். கண்ணாடி முழுக்க ஈரம். உள்ளே அம்மம்மா பிள்ளையாரைக் கூப்பிடுகிறார், மடியில் வாழைப்பழச் சீப்பு.

இதனால்தான் சொல்கிறேன். யானைக்குப் பழம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை வாகனத்தை மறிக்கின்றன. ஹோர்ன் அடிக்காதீர்கள். இறங்கிப் படம் எடுக்காதீர்கள். முன்னால் ஒரு லொறி நின்றால் முந்திப் போகாமல் அதன் பின்னால் நில்லுங்கள். தூரத்தில் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். இருட்டின பிறகு அந்தப் பாதையே வேண்டாம். திரும்பி வரும்போது பகலோடு கந்தளாயைத் தாண்டப் பாருங்கள்.

வட்டவளைக்காரி:
நிலாவெளி அண்ணா, உங்களுக்கு மழை இல்லை, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் எங்களுக்கு இருந்திருக்கும். இலங்கையிலேயே கூடுதலாக மழை கொட்டும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. சித்திரையில் காலையில் வெயில் எரிக்கும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலை உச்சியில் இடி இடிக்கும். அந்தத் தண்ணீர் கீழே வரும்போது கீழே வானம் நீலமாகத்தான் இருக்கும். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்திருப்பார். முதலில் சருகு வரும், ஓரத்தில் நிறம் மாறும், கல்லோடு கல் உருளும் சத்தம் கேட்கும்.

என் தம்பி சின்ன வயதில் இந்தக் கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கரையில் நெல்லிக்காய் பொறுக்கப் போனான். பொழுது சாயும்வரை அங்கேதான் நின்றான், நடுவில் ஆறு. மச்சானுக்குச் சிங்களம் விளங்கியும் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூதூரான்:
மச்சானை விடுங்கள் அக்கா, ஊருக்குப் புதிது. அதே மகாவலி கங்கை எங்களிடம் கொட்டியாரக் குடாவில் கடலில் சேரும்போது ஒரு சத்தமும் இராது. 335 கிலோமீட்டர் ஓடிக் களைத்து வருகிறது. இங்கே பயம் வேறு. மாடு தண்ணீர் குடிக்கிற துறையில் மரக்குற்றி கிடக்கிறது என்று வாப்பா காலை வைக்கப் போனார், குற்றி கண்ணைத் திறந்தது. இப்போதும் குழாயடியில்தான் குளிக்கிறார்.

தம்பலகாமத்தான்:
அதே கங்கை என்று முழுக்கச் சொல்லாதீர்கள். 1976இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் அணை கட்டி ஒரு பங்கைச் சுரங்க வழியாக மாத்தளைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது அம்பன் கங்கையில் விழுந்து, எலஹெர வாய்க்கால் பிடித்து, மின்னேரியா, கவுடுல்ல என்று கந்தளாய்க் குளம் வரைக்கும் வரும். எங்கள் வயலில் நிற்பதிலும் நாவலப்பிட்டித் தண்ணீர் இருக்கும்.

ஆற்றுக் கதை எனக்கு இல்லை, நான் ரயிலில் போனவன். யானைக்கு இவ்வளவு பயமென்றால் வான் எதற்கு? திருகோணமலையில் இரவு ரயில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டு ரயிலுக்கு மாறுங்கள். 1874இலிருந்து நாவலப்பிட்டிக்கு ரயில் போகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. ஆசனம் பதிந்துவிட்டுப் போங்கள், விடுமுறை நாட்களில் நிற்கவும் இடம் கிடைக்காது. பொல்காவலையில் காத்திருக்க வேண்டிவரும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.