லாரிச் சேஸில் கட்டிய மோட்டார்ஹோம் 70 கி.மீ. வேகத்துக்கு மேல் அலைகிறது: ஸ்டியரிங் பாக்ஸை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பயணக்கூடு:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு அச்சுகள் கொண்ட 16 டன் லாரிச் சேஸின் (அடிச்சட்டத்தின்) மீது கட்டப்பட்ட மோட்டார்ஹோம், அதாவது சக்கரங்களில் ஓடும் வீடு ஒன்றை முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கி, நானும் என் மனைவியும் மூன்று ஆண்டுகளாக மாறி மாறி ஓட்டி வருகிறோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான அச்சிடைத் தூரம் 4.8 மீட்டர், பின் அச்சுக்குப் பிறகு வண்டி ஏறக்குறைய 3.2 மீட்டர் நீண்டிருக்கிறது. டயர்கள் 295/80 R 22.5 அளவு, முன்னால் இரண்டு, பின்னால் நான்கு.

சென்ற ஆண்டிலிருந்து 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே வண்டி நேராக ஓடுவதில்லை. ஸ்டியரிங்கை இடைவிடாமல் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பெரிய லாரி ஒன்று எங்களை முந்திச் செல்லும்போது முதலில் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறோம், அடுத்த நொடியே அதன் பக்கம் இழுக்கப்படுகிறோம். ஈரமான சாலையில் முன் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் போவது போல உணர்கிறேன். நாள் முழுவதும் ஓட்டி இறங்கினால் தோள்பட்டை கல்லாக இறுகிவிடுகிறது.

பணிமனையில் காட்டினேன். சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் கைக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) தேய்ந்துவிட்டது, முழுவதுமாக மாற்ற வேண்டும் என்றார்கள். பெரிய செலவு என்பதால் தயங்குகிறேன். எல்லா டயர்களிலும் 8.5 பார், அதாவது சுமார் 123 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருக்கிறேன், டயர்ப் பட்டைகள் புதிது போலவே ஆழமாக இருக்கின்றன. பாக்ஸை மாற்றுவதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

சக்கரத்தடம்:

வணக்கம். பத்து மீட்டர் நீளமும் தட்டையான பக்கச் சுவர்களும் கொண்ட வண்டியில் காற்று இப்படித் தள்ளி இழுப்பது இயல்புதான். ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். என் வண்டியில் அது நல்ல பலன் தந்தது.

பழைய லாரிக்காரர்:

ஐயா, டேம்பரோ பாக்ஸோ எதையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வண்டியைப் பயணத்துக்குப் புறப்படும் நிலையில், தண்ணீர், டீசல், சாமான்கள், ஆட்கள் எல்லாவற்றுடனும், அச்சு அச்சாக எடை போட்டிருக்கிறீர்களா? மொத்த எடையைக் கேட்கவில்லை. முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். டேம்பர் அதிர்வைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முன் அச்சில் எடை போதாமல் இருந்தால் அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

காரணத்தைச் சொல்கிறேன். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் கடப்பாரையால் கல்லை நெம்புவது போல வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. எவ்வளவு தூக்குகிறது என்று அறிய, அந்தப் பொருளின் எடையைப் பின் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, அச்சிடைத் தூரத்தால் வகுத்தால் போதும். முன் அச்சு இழப்பது அந்த அளவு. பின் அச்சு ஏற்பதோ பொருளின் சொந்த எடையோடு இந்த இழப்பும் சேர்ந்த அளவு. லாரியாக இருந்தபோது அந்தச் சேஸில் சரக்கு பெரும்பாலும் இரண்டு அச்சுகளுக்கு இடையில் அமர்ந்திருக்கும். வீடாக மாற்றும்போதுதான் தண்ணீர்த் தொட்டி, சாமான் அறை, ஸ்டெப்னி, வண்டி தாங்கி என்று எல்லாமே வாலுக்குப் போய்விடுகின்றன.

உங்கள் வண்டியில் பின் அச்சுக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இந்தக் குறை தொடங்கிய காலத்தில் புதிதாக எதையாவது பொருத்தினீர்களா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பயணக்கூடு:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. சென்ற ஆண்டுதான் வண்டியின் பின்புறத்தில் மோட்டார் சைக்கிள் தாங்கி பொருத்தினோம். தண்ணீர் நிரப்பும் நாட்களை என் மனைவி நாட்குறிப்பில் எழுதி வைப்பது வழக்கம். நேற்று இரவு அதை எடுத்துப் பார்த்தபோது, வண்டி மிக மோசமாக அலைந்ததாக எங்களுக்கு நினைவிருக்கும் மூன்று நாட்களுமே தொட்டியை நிரப்பிய மறுநாளாக இருந்தன.

டேப்பை வைத்து அளந்தேன். 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் தாங்கியும் சேர்ந்து 240 கிலோ, 3.5 மீட்டர். ஸ்டெப்னி 110 கிலோ, 3 மீட்டர். கருவிப் பெட்டி 100 கிலோ, 2.5 மீட்டர்.

பழைய லாரிக்காரர்:

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிறைந்த தொட்டி முன் அச்சிலிருந்து சுமார் 156 கிலோவைத் தூக்குகிறது. அதில் பாதி எடைகூட இல்லாத மோட்டார் சைக்கிளும் தாங்கியும் 175 கிலோவைத் தூக்குகின்றன. ஸ்டெப்னி 69, கருவிப் பெட்டி 52. நான்கும் சேர்ந்து 450 கிலோவுக்கு மேல்! அந்த 240 கிலோவுக்காக உங்கள் பின் அச்சு 415 கிலோவைச் சுமக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இது காகிதக் கணக்குத்தான். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால்தான் முடிவு தெரியும். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள், பிறகு முழு வண்டிக்கு ஒன்று, பிறகு பின் சக்கரங்களுக்கு மட்டும் ஒன்று. முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தத்துக்கு ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். பெரிய வேறுபாடு வந்தால் மீண்டும் எடுங்கள். மேடையை ஒட்டிய தரை சமமாக இருந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி, ஒவ்வோர் அச்சுக்கும் பக்கவாட்டு எடையையும் எடுங்கள். சரிவான தரையில் வண்டி சாய்ந்து நின்றால் பக்க எடை தவறாகவே காட்டும். வேறு வண்டிகள் வரிசையில் காத்திருந்தாலும் அவசரப்படாமல் பொறுமையாக எடுங்கள், ஐயா. இந்த எண்கள் இல்லாமல் காற்றழுத்தத்தைக்கூடச் சரியாக முடிவு செய்ய முடியாது.

டயர் கவனிப்பவன்:

காற்றழுத்தத்தைப் பற்றி நான் சிறிது சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்கள் டயரின் பக்கவாட்டில் 152/148 என்று பொறித்திருந்தால், தனி டயராக அது 3,550 கிலோவையும், பின்னால் இரட்டையாகப் போடும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோவையும் தாங்கும் என்று பொருள். அந்த முழுச் சுமைக்கான அழுத்தம்தான் நீங்கள் வைத்திருக்கும் 8.5 பார். முன் டயர் ஒன்றில் இரண்டு டன் அளவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது தேவைக்கு மேல் உப்பி, நடுப்பட்டையில் மட்டும் தரையைத் தொட்டு, சாலையின் ஒவ்வொரு பள்ளக் கோட்டையும் பின்தொடர்ந்து ஓடும். அலைச்சலில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு. டயர் உற்பத்தியாளரின் சுமை, அழுத்த அட்டவணையில், அந்த அச்சில் எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கத்து எடைக்குரிய அழுத்தத்தைப் பார்த்து, அதையே இரு பக்கமும் வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். அட்டவணைக்குக் கீழே ஒருபோதும் இறக்கக் கூடாது.

பட்டை ஆழமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்குக் கவலை. மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து முடிவதற்கு முன்பே வயதாகி முடிந்துவிடுகின்றன. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பிரிட்டனில் 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களுக்குத் தடையே இருக்கிறது. முன் டயர் வெடித்தால் இந்த அளவு வண்டியைச் சாலையில் நிறுத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணித்தான் அத்தகைய விதி வருகிறது.

பயணக்கூடு:

இன்று தொட்டியை நிரப்பி, மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போய் வந்தேன். மொத்தம் 14,500 கிலோ. வண்டியின் வரம்பு 16,000 என்பதால் இத்தனை காலமும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் முன் அச்சில் 4,150 கிலோ மட்டுமே இருக்கிறது, வரம்பு 6,300; பின் அச்சில் 10,350 இருக்கிறது, வரம்பு 10,200. அதாவது ஒன்றரை டன் மிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, பின் அச்சில் 150 கிலோ அதிகமாக ஏற்றி ஓட்டியிருக்கிறேன். முன் அச்சில் இடப்பக்கம் 2,240, வலப்பக்கம் 1,910. பின்னால் இடப்பக்கம் 5,400, வலப்பக்கம் 4,950. சமையலறை இடப்பக்கம் இருப்பதால் இந்தச் சாய்வு என்று நினைக்கிறேன்.

முன் டயர்களின் கடைசி நான்கு இலக்கங்கள் 1415. பார்த்தவுடன் என் மனைவி, இந்த டயர்களோடு இனி வெளியூர்ப் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

பழைய லாரிக்காரர்:

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. முன் அச்சில் மொத்த எடையில் 29 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. நான்கில் ஒரு பங்குக்குக் கீழே போகவில்லை என்றாலும், நீண்ட வாலும் உயரமான சுவரும் கொண்ட வண்டிக்கு இது போதாது. ஈரச் சாலையில் நீங்கள் உணர்ந்தது கற்பனை அல்ல. சக்கரத்தின் மீது எடை இருந்தால்தான் திருப்பவும் நிறுத்தவும் பிடிப்பு கிடைக்கும்.

தொட்டியை இப்போது நகர்த்த வேண்டாம், அது பெரிய வேலை. ஸ்டெப்னியைக் கேபினுக்குப் பின்னால், பின் அச்சுக்கு 3.9 மீட்டர் முன்பாகப் பொருத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாலிலிருந்து அங்கே மாற்றினால் அது ஒன்றே முன் அச்சுக்கு 158 கிலோவைத் திருப்பித் தரும். கருவிப் பெட்டியை வலப்பக்கத்து நடு அறைக்கு மாற்றினால் பக்கச் சாய்வும் சிறிது குறையும். மோட்டார் சைக்கிளைத் தாங்கியோடு கழற்றி வையுங்கள்.

பிறகு ஸ்டியரிங் இணைப்புகளைச் சோதியுங்கள். பாக்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரங்கள் தரையிலேயே நிற்க, இன்ஜினை ஓட விடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைக் கையகலம் மட்டும் இடமும் வலமுமாக மெதுவாக அசைக்கட்டும். சக்கரத்தின் பாதையில் உடம்பு படாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, டிராக் லிங்க்கின் (பாக்ஸின் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின்) உருண்டை இணைப்பில் ஒரு விரல் பாதி இந்தப் பகுதியிலும் பாதி அந்தப் பகுதியிலும் படும்படி நீங்கள் வையுங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் இரண்டு பகுதிகளும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்திருந்தால் ஒன்று முதலில் நகர்ந்து, மற்றது ஒரு கணம் தாமதித்துப் பின்தொடரும். அந்தத் தாமதம் விரல் நுனியில் ‘டக்’ என்று தெரியும். ஒவ்வோர் இணைப்பாக அப்படியே பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் பாக்ஸின் உள்தண்டு திரும்பியும் வெளிக்கை தாமதித்தால்தான் பாக்ஸில் ஆட்டம் என்று சொல்லலாம். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னை மட்டும் சக்கரத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

சக்கரத்தடம்:

டேம்பர் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கூடவே, வீட்டுப் பெட்டியைச் சேஸோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் ஸ்பிரிங் இருக்கைகளையும் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் கீழே சேஸ் திரும்பிய பிறகு மேலே பெட்டி தாமதமாக அசையும். ஓட்டுபவருக்கு அதுவும் ஸ்டியரிங் கோளாறு போலவே தோன்றும்.

பயணக்கூடு:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஸ்டெப்னியையும் கருவிப் பெட்டியையும் மாற்றி, மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, நிறைந்த தொட்டியோடு மீண்டும் எடை போட்டேன். முன் அச்சு 4,580, பின் அச்சு 9,680, மொத்தம் 14,260. முன் அச்சு 435 கிலோ கூட வேண்டும் என்று கணக்குச் சொன்னது, எடைமேடை 430 காட்டியது. சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தை இல்லை.

என் மனைவி ஸ்டியரிங்கை அசைக்க, நீங்கள் சொன்னபடி படுத்து விரல் வைத்துப் பார்த்தேன். டிராக் லிங்க்கின் முன் இணைப்பில் அந்த ‘டக்’ தெளிவாகத் தெரிந்தது. பாக்ஸில் எந்தத் தாமதமும் இல்லை. இணைப்பை மட்டும் மாற்றினோம். யூ போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. முன் டயர்கள் இரண்டையும் புதிதாக வாங்கி, அட்டவணையைப் பார்த்து அதற்கு மேல் சிறிது சேர்த்து 6.5 பார் வைத்திருக்கிறேன். வீல் அலைன்மென்டைப் பயணச் சுமையோடு எடுத்தோம்.

நேற்று 85 கி.மீ. வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். லாரிகள் முந்தும்போது காற்று இன்னும் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் ஒரு முறை திருத்தினால் வண்டி நேராகி விடுகிறது. இனி ஒரே ஒரு சந்தேகம்: மோட்டார் சைக்கிள் இல்லாமல் எங்களால் ஊர்களுக்குள் போய்வர முடியாது. அதைச் சிறிய இழுவை வண்டியில் ஏற்றிப் பின்னால் மாட்டினால் மீண்டும் பழைய நிலை வந்துவிடுமா?

பழைய லாரிக்காரர்:

வராது, ஆனால் அளந்து செய்யுங்கள். இழுவையின் கொக்கி பின் அச்சுக்கு 3.6 மீட்டர் பின்னால் இருந்து, அதன் மூக்கு எடை, அதாவது கொக்கியின் மீது இழுவை அழுத்தும் எடை, 75 கிலோ என்றால், முன் அச்சு இழப்பது சுமார் 56 கிலோ மட்டுமே. தாங்கியில் நீங்கள் இழந்தது 175. மோட்டார் சைக்கிளை இழுவையில் முன்னும் பின்னும் நகர்த்தி மூக்கு எடையை அந்த அளவில் நிறுத்துங்கள். மூக்கு எடை மிகக் குறைந்தால் இழுவையே ஆடத் தொடங்கும். உங்கள் கொக்கியும் ஓட்டுநர் உரிமமும் அந்த இழுவையை அனுமதிக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணக்கூடு:

மிக்க நன்றி, ஐயா. கொக்கியின் தகட்டில் உள்ள வரம்பை இப்போதுதான் படித்தேன். மூக்கு எடைக்கு 100 கிலோ வரை இடம் இருக்கிறது. உரிமத்தையும் சரிபார்த்துவிட்டேன். இழுவை வந்ததும் மாட்டி, முன் அச்சை மறுபடியும் எடைமேடையில் ஏற்றிவிட்டு எண்களை எழுதுகிறேன்.