மேக் கமாண்டில் சிஃபிளாக்ஸ் கொடுத்தால் மேக்ஃபைலில் உள்ள -ஐ ஃபிளாக் காணாமல் போகிறது

லாஸ்பேட்டை_சி:
வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலைக்கு வெப்பநிலையைப் பதியும் சி புரோகிராம். கம்பைலர் ஜிசிசி; பில்ட் செய்ய ஜிஎன்யு மேக், அதற்கான விதிகள் மேக்ஃபைலில்; மொத்தம் 12 ஃபைல். (ஃபிளாக்குகளை வாயால் சொல்கிறபடியே தமிழில் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஃபிளாக்ஸ் என்பது கம்பைலருக்குப் போகும் ஃபிளாக் பட்டியல்; -ஐ ஹெடர் தேடும் ஃபோல்டர், -டி மேக்ரோ மதிப்பு, -ஓ2, -ஓ0 ஆப்டிமைசேஷன் அளவு, -ஜி டீபக் தகவல்.)

சிஃபிளாக்ஸ் = -ஓ2
சிஃபிளாக்ஸ் += -ஐஇன்க்ளூட் -டிசேனல்=8

டீபக் செய்ய, மேக் சிஃபிளாக்ஸ்="-ஓ0 -ஜி" என்று கொடுத்தால் எங்கள் சொந்த ஹெடரே கிடைக்கவில்லை என்று நிற்கிறது. அதையே என்விரான்மென்ட்டில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு வெறும் மேக் கொடுத்தால், எல்லாம் அப்டுடேட் என்கிறது. பேசாமல் மேக்ஃபைலைத் தானே எழுதித் தரும் சிமேக்குக்கு மாறிவிடலாமா?

கெடிலக்கரை:
மாறினாலும் இந்தக் குழப்பம் கூடவே வரும் நண்பரே. முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

கமாண்ட் லைனில் கொடுத்த வேரியபிளுக்கு மேக்ஃபைலில் உள்ள = மட்டுமல்ல, += கூடச் செல்லாது. அதனால்தான் -ஐ, -டி இரண்டும் போயின. என்விரான்மென்ட் நேர் எதிர்: மேக்ஃபைலில் = இருந்தால் மேக்ஃபைல்தான் ஜெயிக்கும். ?= போட்டிருந்தால் என்விரான்மென்ட் மதிப்பு நிற்கும். ஆக, நீங்கள் எக்ஸ்போர்ட் செய்தது கம்பைலர் வரை போகவே இல்லை.

சிஃபிளாக்ஸ் என்பது கம்பைல் செய்கிறவருக்கு விட்டுவைக்க வேண்டிய இடம். இல்லாவிட்டால் கம்பைலே ஆகாது என்கிற ஃபிளாக்குகளுக்குத் தனிப் பெயர் வையுங்கள்:

கட்டாயம் := -ஐஇன்க்ளூட் -டிசேனல்=8
சிஃபிளாக்ஸ் ?= -ஓ2 -ஜி
%.ஓ: %.சி
  $(சிசி) $(கட்டாயம்) $(சிபிபிஃபிளாக்ஸ்) $(சிஃபிளாக்ஸ்) -சி -ஓ $@ $<

சிஃபிளாக்ஸ் கடைசியில் வருவது வேண்டுமென்றேதான். ஒரே வரியில் -ஓ2, -ஓ0 இரண்டும் வந்தால் ஜிசிசி பின்னால் வருவதையே எடுக்கும்.

மேக்ஃபைல் வரியின் முன்னால் ஓவர்ரைட் என்ற சொல்லைப் போட்டு += எழுதச் சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் ஒருமுறை போட்டுவிட்டால், அதன்பின் ஓவர்ரைட் இல்லாமல் எழுதும் += எதையும் மேக் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

முத்தியால்பேட்டை_ரூட்:
இதையெல்லாம் செய்தாலும் அந்த "அப்டுடேட்" போகாது. மேக் பார்ப்பது ஃபைலின் நேரத்தை மட்டும்; ஃபிளாக் மாறியது அதற்குத் தெரியாது. பாதி ஆப்ஜெக்ட் -டிசேனல்=8, மீதி -டிசேனல்=16 என்று லிங்க் ஆனால் எர்ரரும் வராது, ஸ்ட்ரக்ட் அளவு மட்டும் ஃபைலுக்கு ஃபைல் வேறாக இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது கொடுமை.

ஃபிளாக்குகளை ஒரு ஃபைலில் எழுதி, மாறினால் மட்டும் திருத்துங்கள்:

வரி := $(சிசி) $(கட்டாயம்) $(சிபிபிஃபிளாக்ஸ்) $(சிஃபிளாக்ஸ்)
ஃபிளாக்.ஸ்டாம்ப்: ஃபோர்ஸ்
  @எக்கோ '$(வரி)' | சிஎம்பி -எஸ் - $@ || எக்கோ '$(வரி)' > $@
ஃபோர்ஸ்:
$(ஆப்ஜெக்ட்ஸ்): ஃபிளாக்.ஸ்டாம்ப்

ஸ்டாம்ப்பை .ஃபோனி (ஃபைல் அல்லாத டார்கெட்டுகள்) பட்டியலில் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் ஒவ்வொரு முறையும் எல்லாமே கம்பைல் ஆகும். -டி மதிப்புக்குள் ஒற்றை மேற்கோள் இருந்தால் எக்கோ வரி உடையும், அதையும் கவனியுங்கள்.

டீபக்குக்கு -ஓ0-க்குப் பதில் -ஓஜி போட்டுப் பாருங்கள். சில வேரியபிள் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று வரும். அப்போது -ஓ0-க்குப் போகலாம்.

ஒயிட்டவுன்_பில்ட்:
12 ஃபைலுக்கு சிமேக் தேவையில்லை என்பேன். மாறுவதென்றால் நிஞ்ஜாவோடு (மேக்குக்குப் பதிலான பில்ட் கருவி) மாறுங்கள். அது ஒவ்வொரு கமாண்டின் ஹாஷையும் லாக்கில் வைத்திருப்பதால், ஃபிளாக் மாறினால் தானே மறுபடி கம்பைல் செய்யும், ஸ்டாம்ப் வேலை மிச்சம்.

இரண்டு பொறிகள் உண்டு. சிஃபிளாக்ஸ் என்விரான்மென்ட்டை சிமேக் முதல் கான்ஃபிகரில் மட்டும் படித்துக் கேஷில் வைத்துக்கொள்ளும். பிறகு மாற்றினால் பலிக்காது. பில்ட் ஃபோல்டரை அழிக்க வேண்டும், சிமேக் 3.24 முதல் --ஃப்ரெஷ் போதும். இன்னொன்று, ஃபிளாக் சேர்க்கும் டார்கெட்_கம்பைல்_ஆப்ஷன்ஸ் கட்டளையில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கிவிடும். "-டி ஏ -டி பி" என்று இடைவெளி விட்டு எழுதினால் "-டி ஏ பி" ஆகி, பி என்ற ஃபைலைத் தேடும். ஒவ்வொரு ஜோடியையும் மேற்கோளுக்குள் "ஷெல்:-டி ஏ" என்று கொடுங்கள், 3.12 முதல் உண்டு.

லாஸ்பேட்டை_சி:
தனிப் பெயர், ஸ்டாம்ப் இரண்டும் போட்டாயிற்று, ஓடுகிறது. நன்றி. ஒன்று மட்டும் பாக்கி: புதுச்சேரி ஆபீஸில் டெபியன், அங்கே லிங்க் ஆகிறது. ஆலையில் உபுண்டு, அங்கே கணித லாக் (மடக்கை) ஃபங்ஷனுக்கு "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்". கணித லைப்ரரிக்கான -எல்எம், லிங்க் ஃபிளாக் பட்டியலான எல்டிஃபிளாக்ஸில் இருக்கிறது.

கெடிலக்கரை:
அங்கேதான் இருக்கக்கூடாது. மேக்கின் உள்ளமைந்த லிங்க் விதி எல்டிஃபிளாக்ஸை ஆப்ஜெக்ட்டுகளுக்கு முன்னால் வைக்கும். உபுண்டு ஜிசிசி தானாகவே --ஆஸ்-நீடட் சேர்ப்பதால், அந்தக் கட்டத்தில் யாரும் கேட்காத லைப்ரரி விடுபட்டுப் போகிறது. டெபியனில் அது இயல்பாக இல்லை, அதனால் தப்பித்தது. சின்ன -எல் (லைப்ரரி பெயர்) எல்லாவற்றையும் எல்டிலிப்ஸுக்கு மாற்றுங்கள், அது ஆப்ஜெக்ட்டுகளுக்குப் பின்னால் வரும். பெரிய -எல் (லைப்ரரி தேடும் ஃபோல்டர்) பாதைகள் மட்டும் எல்டிஃபிளாக்ஸிலேயே இருக்கட்டும்.