அக்கா கிட்னி தருகிறேன் என்கிறாள், வாங்கலாமா?

மயூர்விஹார்வாசி:
டெல்லியில் இருக்கிறேன், வயது 43. பதினான்கு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் ஸ்கேனிலேயே இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. என் குரூப் ஓ. மனைவி பி, அதனால் நேரடியாகத் தர முடியாது. அம்மாவுக்கு சுகர். கோவில்பட்டியில் இருக்கும் அக்காவுக்கு 46 வயது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விஷயம் தெரிந்த அன்றே போனில் "நான் தாரேன்டா" என்று சொல்லிவிட்டாள். அவளும் ஓ. அத்தானும் சரி என்கிறார். டாக்டருக்கும் சம்மதம்தான். என் மனசுதான் ஒப்பவில்லை. கொடுத்தவர்களுக்குப் பின்னால் என்ன ஆகிறது என்று படித்தவர்கள் சொல்லுங்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார்" வகைப் பதில் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

எண்கணக்கு:
வாங்குங்கள். தயங்குவதற்கு ஆராய்ச்சியில் பெரிய காரணம் எதுவும் இல்லை. உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றே உடன்பிறப்பு கொடுத்ததுதான். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ரொனால்டு ஹெரிக் தன் இரட்டைச் சகோதரனுக்குக் கொடுத்தார். கொடுத்த ரொனால்டு 2010 வரை இருந்தார், அதாவது ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 வருஷம். அறுவை செய்த ஜோசப் மர்ரேக்கு 1990இல் நோபல் கிடைத்தது.

ஒரு ஆளை வைத்துப் பேசாதே என்பீர்கள், சரி. அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கொடுத்த 80,347 பேரையும் எண்ணினார்கள். அறுவைக்குப் பிந்தைய 90 நாளில் இறந்தவர்கள் 10,000க்கு மூன்று பேர். 2024இல் வந்த அடுத்த கணக்குப்படி, கடந்த பத்து வருஷத்தில் அது 10,000க்கு ஒருவருக்கும் கீழே போய்விட்டது. டெல்லியில் பைக் ஓட்டுகிறவர்கள் இதற்குப் பயப்படக் கூடாது.

கரோல்பாக்காரி:
மேஜையில் செத்தார்களா என்பதா கேள்வி? இருபது வருஷம் கழித்து என்ன என்பதுதான் கேள்வி. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

எண்கணக்கு:
விடவில்லை. 2009இல் மினசோட்டாவிலிருந்து வந்த ஆய்வு: 1963 முதல் கொடுத்த 3,698 பேர். ஆயுள் பொதுமக்களுக்கு உள்ளதுபோலவே. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் விகிதம் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது.

கரோல்பாக்காரி:
பிடித்தேன். "பொதுமக்கள்" என்றால் யார்? சுகர் உள்ளவர், பிரஷர் உள்ளவர், புகைப்பவர் எல்லாரும் சேர்ந்த கூட்டம். கொடுக்கிறவர் யார்? பத்து டெஸ்ட் எடுத்து, சலித்துச் சலித்து, ஒரு குறையும் இல்லை என்று தேர்ந்தெடுத்த ஆள். பயில்வானின் ஒரு கையைக் கட்டிவிட்டு ரேஷன் கடை வரிசையில் நிற்பவரோடு மல்லுக்கு விட்டு, "பாருங்கள், பயில்வான் தோற்கவில்லை" என்கிறீர்கள். இன்னொரு பயில்வானோடு அல்லவா விட வேண்டும்?

அப்படி விட்டும் பார்த்தார்கள். 2014இல் வந்தது, 96,217 கொடையாளிகள். அதே அளவு ஆரோக்கியம் உள்ள, ஆனால் கொடுக்காத ஆட்களோடு ஒப்பிட்டார்கள். 15 வருஷத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் கொடுத்தவர்களில் 10,000க்கு சுமார் 31, கொடுக்காதவர்களில் 4. ஏறத்தாழ எட்டு மடங்கு. இதை டாக்டர் உங்களிடம் சொன்னாரா?

எண்கணக்கு:
எட்டு மடங்கு என்று சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். 10,000 பேரில் கூடுதலாக 27 பேர் என்று சொல்லிப் பாருங்கள். மீதி 9,969 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆய்வில் வாழ்நாள் கணக்கும் இருக்கிறது: கொடுத்தவர்களுக்கு 10,000க்கு 90, ஆரோக்கியமான கொடுக்காதவர்களுக்கு 14, எந்தச் சோதனையும் செய்யாத சாதாரண ஜனங்களுக்கு 326. உங்கள் ஆய்வேதான், நான் வேறு எங்கும் போகவில்லை.

கரோல்பாக்காரி:
அந்த 90 பேரில் ஒருவர் அமெரிக்காவில் இருந்தால், ஏற்கெனவே உறுப்பு கொடுத்தவர் என்பதற்காக அங்கே காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை கிடைக்கும். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் இருந்தால்? அதோடு அந்த எண்ணெல்லாம் அமெரிக்கர்களுடையது. நம் ஊரில் கொடுத்தவரைத் தையல் பிரித்த பிறகு யார் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்?

முனிர்க்கா மச்சான்:
எதுக்கு இவ்வளவு தலைவலி? தேவைப்படுகிறவன் ஒருத்தன் பணம் வாங்கிக்கொண்டு தரட்டும். ஈரானில் 1988 முதல் அரசே ஒரு முறை வைத்து நடத்துகிறது. அக்காவைச் சங்கடப்படுத்தாமல் முடிந்துவிடும்.

பழைய நர்ஸ்:
மச்சான், இதை இங்கேயே விட்டுவிடுங்கள். 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் இதற்காகவே வந்தது. 2011 திருத்தத்துக்குப் பிறகு விற்பது, வாங்குவது, தரகு எல்லாவற்றுக்கும் 5 முதல் 10 வருஷம் ஜெயில், அபராதம் 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை.

சட்டத்தை விடுங்கள். சென்னையில் வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்று பேர் இருந்தது, உங்கள் வயதுக்குத் தெரியாது. சென்னையில் விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டு 2002இல் ஒரு ஆய்வு வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. இன்னொருவருக்கு இதைச் சிபாரிசு செய்வீர்களா என்றதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். புருஷன் உழைக்க வேண்டும், அல்லது அவருக்கு உடம்பு சரியில்லை என்று பாதிப்பேர் சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முனிர்க்கா மச்சான்:
சரி சரி, தப்புதான். சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒற்றைக் கிட்னி:
ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்துபோகிறேன், இப்போது எழுதலாம் என்று தோன்றியது. 2016இல் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், இதே ஊரில், ஒரு தனியார் மருத்துவமனையில். இடது பக்கம்தான் எடுத்தார்கள், அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் நீளமாம், தைக்க வசதியாம். சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பிதான். ஆனாலும் சிரித்தால், தும்மினால் பத்து நாள் உயிர் போனது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, கிரியேட்டினின், 0.7 இருந்தது, இப்போது 1.0. அது கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உடம்பைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில். வீட்டில் யார் கொடுப்பது என்று பேச்சே நடக்கவில்லை. என் மைத்துனர் அப்போது 34 வயது, ஜிம்முக்குப் போகிறவர். அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், நான் "சரி" என்றேன், அவ்வளவுதான். சட்ட விதிப்படி, கொடுப்பவர் பெண்ணானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவள் மனசார ஒப்புகிறாளா என்பதை வாங்கிக்கொள்பவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். 2014 விதிகளிலேயே இருக்கிறது. என்னிடமும் கேட்டார்கள். கூட மாமியார் உட்கார்ந்திருந்தார். ஹிந்தியில் கேட்டார்கள். எனக்கு அப்போது ஹிந்தி பாதிதான் புரியும். தலையாட்டினேன்.

எண்கணக்கு:
அம்மா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனாலும் இதைப் பெண்ணுக்கு எதிரான சதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்களில் பிரஷர், சாராயம், சிகரெட் அதிகம், சோதனையிலேயே கழிந்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் வரை போகிறவர்களிலும் ஆண்களே அதிகம். அதனால் மனைவி கொடுப்பதும் கூடும்.

கரோல்பாக்காரி:
பாதி உண்மை. 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்கள் 56,509 பேர், அதில் பெண்கள் 36,038. மனைவியை விடுங்கள், அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாரும் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களுக்கு எதிரே அப்பா, அண்ணன், தம்பி இல்லையா? எல்லாருமா சாராயம்?

அப்புறம், மயூர்விஹார், ஒன்று கேட்கிறேன். "அத்தானும் சரி என்கிறார்" என்று முதல் பதிவிலேயே ஏன் எழுதினீர்கள்? கொடுக்கப் புருஷன் சம்மதம் சட்டப்படி வேண்டியதில்லை. தகப்பனுக்குக் கொடுக்க வந்த கல்யாணமான ஒரு பெண்ணின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஒற்றைக் கிட்னி:
நானும் ஒன்று கேட்கலாமா? அக்காவைத் தவிர உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லையா?

மயூர்விஹார்வாசி:
இருக்கிறார். அண்ணன். 48 வயது. ஆர்.கே.புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், மத்திய அரசு வேலை. அவரும் ஓதான் என்று நினைக்கிறேன். மாசாமாசம் வந்து பார்த்துவிட்டுப் போவார், பழம் வாங்கி வருவார். இதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருதரம் அண்ணிதான், "அவருக்கு ஆபீஸில் லீவு போட்டாலே பிரச்னை" என்று பொதுவாகச் சொன்னார்.

கரோல்பாக்காரி:
ஐயா! மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் தனிச் சிறப்பு விடுப்பு, சொந்த லீவில் ஒரு நாள் கழியாது. 2023லிருந்து இருக்கிறது. உங்கள் அக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் எத்தனை நாள் தருவார்கள்? இதே ஊரில் இருக்கிற அண்ணனைக் கேட்காமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அக்காவிடம் போயிருக்கிறீர்கள்.

எண்கணக்கு:
இப்போது நீங்கள்தான் நெருக்குகிறீர்கள். கொடை என்பது தானாக வர வேண்டும். அக்கா தானாக வந்தாள், அண்ணன் வரவில்லை. போய்க் கேட்டால் அது அண்ணன் கழுத்தில் கத்தி வைப்பது. மாட்டேன் என்று சொன்னால் பிறகு தம்பி முகத்தில் எப்படி விழிப்பார்?

கரோல்பாக்காரி:
தானாக வந்தாளா? அந்த வீட்டில் ஒரு முட்டை இருந்தால் யார் தட்டில் விழும் என்று அவளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். நாற்பது வருஷம் பழக்கிவிட்டு "தானாக" என்றால் எப்படி? அண்ணனுக்கு மட்டும் "மாட்டேன்" சொல்லும் வசதியைக் காப்பாற்றித் தருகிறீர்கள், அதே வசதி அக்காவுக்கு இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பழைய நர்ஸ்:
இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். (மயூர்விஹார் குடிக்கக் கூடாது, அவருக்கு அளவு உண்டு.) நான் டயாலிசிஸ் வார்டில் 22 வருஷம் வேலை பார்த்தவள். கழுத்தில் கத்தி வைக்காமலே கேட்க வழி இருக்கிறது. சோதனைக்கு வருகிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசும்போது, "எனக்கு மனசில்லை" என்று அவர் சொல்லிவிட்டால் போதும். நல்ல குழுவாக இருந்தால் குடும்பத்திடம் "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்வார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். அந்தக் கதவு அக்காவுக்கும் திறந்திருக்க வேண்டும்.

மயூர்விஹாருக்கு இன்னும் மூன்று விஷயம். உடன்பிறந்தவரின் திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, அதே அளவு வாய்ப்பு கொஞ்சமும் பொருந்தாமல் போவதற்கும் உண்டு. இப்போதுள்ள மருந்தில் அது பெரிய தடையில்லை, மனைவி கொடுத்ததெல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது. இரண்டாவது, உங்களுக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை என்கிறீர்கள். குடும்பத்தில் ஓடுகிற நோயாக இருந்தால் அக்காவுக்கும் அண்ணனுக்கும் நாளைக்கு வரலாம். நார்வேயில் 1,901 கொடையாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்விலும் இந்தக் கவலைதான் எழுந்தது, கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நோயாளியின் ரத்த சொந்தம். அதனால் அவர்களை நன்றாகத் துருவிப் பார்க்கச் சொல்லுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். மூன்றாவது, எது எப்படியானாலும் இறந்தவர் உறுப்புக்கான பட்டியலில் பதிவு செய்து வையுங்கள். உங்கள் மனைவியையும் முழுதாகத் தள்ள வேண்டாம், பொருந்தாத இரண்டு ஜோடிகள் தங்கள் கொடையாளிகளை மாற்றிக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஓ நோயாளிக்கு மாற்று ஜோடி கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்டு வையுங்கள்.

மயூர்விஹார்வாசி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். 42 நாள் விடுப்பு ஆணையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அபத்தமாகத்தான் இருந்தது, தம்பி அண்ணனுக்கு சர்க்குலர் கொடுக்கிற மாதிரி. அவர் இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி காபி கொடுத்தார், பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்லி எனக்கு அரை டம்ளராகக் குறைத்தார். கிளம்பும்போது கேட் வரை வந்தவர், "ரத்தம் எங்கே கொடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்கும் போன் போட்டு இங்கே நடந்ததைச் சொன்னேன். செம திட்டு. "நான் தாரேன்னு சொன்னதை நாலு பேர் உட்கார்ந்து நான் ஏன் சொன்னேன்னு பேசுறீங்களாக்கும்? அந்த முட்டைக் கதை சொன்ன அம்மாகிட்ட சொல்லு, எங்க வீட்டுல முட்டை எனக்குத்தான்" என்றாள். அண்ணன் டெஸ்ட் எடுக்கட்டும், தானும் எடுப்பதாகச் சொல்லிவிட்டாள். தை பிறந்ததும் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாள்.

கரோல்பாக்காரி:
முட்டை விஷயத்தில் அக்காவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். மற்றதில் மாற்றமில்லை.

எண்கணக்கு:
நானும் அப்படியே.

ஒற்றைக் கிட்னி:
அக்கா வரும் தேதியைச் சொல்லுங்கள். சம்மதம் கேட்கும் அந்தப் பேட்டி அன்று உள்ளே தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும், நீங்களும் அத்தானும் வெளியே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் மெட்ரோ பிடித்து வந்துவிடுகிறேன்.